கடல் கடந்த வேர்கள்

நுழையும்முன்

செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்களின் பெயர்களை வரலாற்று நூல்கள் வரிசைப்படுத்தித் தருகின்றன. அக்கோட்டையைச் சூழ்ந்த வட்டாரத்தில் உழுது வாழ்ந்து, வறுமையால் கடல் கடந்த எளிய மக்களைப் பற்றிய குறிப்புகளோ அயல்நாட்டுப் பதிவேடுகளில் எண்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவர்தம் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் ஊரைத் தேடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஏன் சென்றனர்?

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுந்தது செஞ்சிக் கோட்டை. 1761இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அதன் போர்ச்சிறப்பு மறைந்தது. வானம் பார்த்த பூமியை நம்பிய சுற்றுப்புற மக்களுக்கு மழை பொய்த்தால் வாழ்வும் பொய்த்தது. நிலவரிச் சுமையும் கடனும் அவர்களை வாட்டின. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் பலரை ஊரைவிட்டே துரத்தியது.

அதே நூற்றாண்டில் உலகின் மறுபுறத்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் 1834இலும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848இலும் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு மாற்றாக ஐந்தாண்டு ஒப்பந்தத் தொழிலாளர்களை இந்தியாவிலிருந்து பெற்றனர். அவ்வாறு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று, செஞ்சியை உள்ளடக்கிய தென்னார்க்காடு.

சென்னைத் துறைமுகத்திலிருந்து மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும், 1903 முதல் பிஜிக்கும் கப்பல்கள் சென்றன. செஞ்சிக்கு அண்மையிலிருந்த புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்கு மக்கள் ஏற்றப்பட்டனர். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் சென்றனர்.

பதிவேடுகள் கூறுவன

கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. ஊதியம், மருத்துவம், திருமணம், இறப்பு என அனைத்திலும் அவ்வெண்ணே அவரைக் குறித்தது. மனிதரை எண்ணாகச் சுருக்கிய அந்த ஏற்பாடே இன்று முன்னோரைக் கண்டறியும் திறவுகோலாக மாறியிருப்பது வரலாற்றின் விந்தை.

தேடல் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் அவ்வெண் இருக்கலாம். அதைக்கொண்டு கப்பல் பட்டியலைப் பார்த்தால் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர், உடல் அடையாளம் ஆகியன கிடைக்கும். மொரீசியசின் மகாத்மா காந்தி நிறுவனத்திலுள்ள குடிவரவு ஆவணங்களில் ஒளிப்படங்களும் உள்ளன. பாட்டனாரின் பாட்டனார் முகத்தை முதன்முறையாகக் காணும் வாய்ப்பு சிலருக்கு அங்கே கிட்டுகிறது.

ஊரைக் கண்டறிய எல்லை மாற்றங்களையும் அறிதல் வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் செஞ்சி, தென்னார்க்காடு மாவட்டத்துத் திண்டிவனம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. எனவே, பதிவேட்டில் 'திண்டிவனம்' என்றிருந்தால் செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களிலும் தேட வேண்டும்.

உருமாறிய பெயர்கள்

தமிழறியாத எழுத்தர்கள் காதில் விழுந்தவாறே பெயர்களை எழுதினர். 'செஞ்சி' என்னும் புகழ்பெற்ற ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் 'ஜிஞ்ஜி' ஆனதெனில், எழுதப் படிக்க அறியாத உழவரின் பெயர் என்னவாகியிருக்கும்? தென்னாப்பிரிக்காவில் முதலி 'மூட்லி' ஆகவும் கவுண்டர் 'கவெண்டர்' ஆகவும் மாறிக் குடும்பப் பெயர்களாயின. அங்குள்ள 'படையாச்சி' என்னும் பெயர் தமிழகத்தின் வட மாவட்டங்களை நினைவூட்டுகிறது. எனினும், பெயர் ஒன்றையே சான்றாகக் கொள்ளாமல் பதிவேட்டோடு ஒப்பிட்டு நோக்குவதே முறை.

வழிபாட்டில் வாழும் நினைவு

மொழியை மறந்த தலைமுறையும் வழிபாட்டை மறக்கவில்லை. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தலமாக மரபில் போற்றப்படுகிறது. அவ்வழிபாட்டின் சிறப்புக்கூறு தீமிதி. ரீயூனியன் தீவில் தமிழ் பேசாத தமிழ் வழித்தோன்றல்கள் இன்றும் தீ மிதிக்கின்றனர். 'பாஞ்சாலி' அங்கே 'பாந்தியாலே' எனத் திரிந்து வழங்குகிறாள். தீமிதி தமிழகத்தின் பல பகுதிகளுக்கு உரியதாதலின் அது தனியொரு குடும்பத்தின் ஊரைக் காட்டாது. ஆயினும், பண்பாட்டின் திசையைக் காட்டும்.

இக்கரையின் கடமை

அக்கரையில் பதிவேடுகள் உள்ளன. இக்கரையிலோ சென்றவரைப் பற்றிய நினைவுகள் முதியோருடன் மறைந்து வருகின்றன. அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாடு அரசு 'வேர்களைத் தேடி' என்னும் திட்டத்தின்வழி அழைத்துவருகிறது. தேடி வருவோர்க்கு விடை கூற ஊரும் ஆயத்தமாக வேண்டும். குலதெய்வக் கோயில், பழைய நிலப்பத்திரம், குடும்பக் கதை ஆகியவற்றைப் பதிவு செய்வது அதற்கான முதற்படி. கோட்டையின் கற்கள் காக்கப்படுவது போலவே, அதன் நிழலில் வாழ்ந்தோரின் பெயர்களும் காக்கப்பட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மொரீசியசின் போர்ட் லூயி நகரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய 'ஆப்பிரவாசி காட்' 2006இல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவது இந்தியாவில் 1917இல் நிறுத்தப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையினரின் பெயர்களையும் ஊர்களையும் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊரிலிருந்து கடல் கடந்து சென்றோர் குறித்து முதியோர் கூறும் செய்திகளைத் தொகுத்து வகுப்பறையில் உரையாற்றுக.