ஒலியடக்கி ஏன் கழல்கிறது?

அறிவு தடுமாறியவனை "மரை கழன்றவன்" என்று கேலி செய்வது நம் வழக்கு. பொறியியலில் மரை கழல்வது கேலிக்குரிய செய்தியன்று, ஆராய்ச்சிக்குரிய செய்தி. இறுக்கி முடுக்கிய திருகு எவரும் தொடாமலே எப்படித் தளர்கிறது? இதை அறிய மாதிரி விமானத்தின் சிறு எஞ்சின் மிகவும் ஏற்றது.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாணவர்கள் மாதிரி விமானங்களைக் கட்டிப் பறக்கவிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். இன்று பல மாதிரிகளில் மின்மோட்டார் வந்துவிட்டது. எனினும், எரிபொருளால் ஓடும் சிறு எஞ்சின்களை விரும்புவோர் இன்னும் பலர். அமெரிக்கரான ரே ஆர்டன் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒளிர்முனைச் செருகியே இவ்வகை எஞ்சின்களைப் பரவச் செய்தது. அதிலுள்ள பிளாட்டினக் கம்பிச் சுருள் மின்கலத்தால் ஒருமுறை சூடேற்றப்பட்டால் போதும். பின்னர் எஞ்சினின் வெப்பத்தாலேயே தொடர்ந்து ஒளிரும். எரிபொருள் மெத்தனாலும் எண்ணெயும் கலந்தது. சிறிதளவு நைட்ரோமீத்தேனும் சேர்ப்பதுண்டு. அந்த எண்ணெய் பல வேளைகளில் நம் வீட்டு விளக்கெண்ணெயேதான்!

இரைச்சலும் ஒலியடக்கியும்

உள்ளங்கையில் அடங்கும் 6.5 கன செ.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். இஃது இருவீச்சு எஞ்சின். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எரிபொருள் எரிகிறது. அதாவது நொடிக்கு 200 வெடிப்புகள்! சைலென்சர் எனப்படும் ஒலியடக்கி இல்லாவிடில் அக்கம்பக்கத்தார் பொறுக்கமாட்டார்கள். பிரிட்டனில் 1982-இல் வெளியான நடத்தை விதிகள், மாதிரி விமானத்தின் ஒலி 7 மீட்டர் தொலைவில் 82 டெசிபெலுக்கு மேற்படலாகாது என வரையறுத்தன.

ஒலியைக் குறைப்பதோடு இதன் வேலை முடிவதில்லை. ஒலியடக்கியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் எரிபொருள் தொட்டிக்குச் செல்லும். ஒலியடக்கிக்குள் இருக்கும் புகையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்று மிகுதி. அந்த அழுத்தமே தொட்டியிலுள்ள எரிபொருளை எஞ்சினை நோக்கித் தள்ளுகிறது.

இனி, ஒலியடக்கி தளர்ந்தால் நேர்வதை எண்ணிப் பாருங்கள். இணைப்பின் இடுக்கு வழியே புகை கசியும். தொட்டியின் அழுத்தம் குறையும். எரிபொருள் போதிய அளவு வராது. எரிபொருளோடுதான் எண்ணெயும் வருகிறது. ஆதலால் எஞ்சினுக்கு உயவும் குறையும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி நடுவானில் நின்றுவிடலாம். ஒலியடக்கி முற்றும் கழன்றால், சூடான உலோகத் துண்டு ஒன்று வானிலிருந்து விழும். கீழே மனிதர் நிற்கக்கூடும் அல்லவா?

திருகு ஒரு சுருள்வில்

திருகு எவ்வாறு பிடிக்கிறது? முடுக்கும்போது திருகு சிறிதளவு நீள்கிறது. நீண்ட திருகு, இழுத்த வில்லைப் போல, பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுவிசையே இரு பரப்புகளையும் நெருக்கிப் பிடிக்கிறது.

3 மி.மீ. தடிமனும் 30 மி.மீ. நீளமும் உள்ள எஃகுத் திருகை, 150 கிலோ எடைக்குச் சமமான விசை தோன்றுமளவு முடுக்குவோம். அது சுமார் 0.045 மி.மீ. நீளும். அதே தடிமனில் 6 மி.மீ. நீளமே உள்ள திருகு 0.009 மி.மீ. மட்டுமே நீளும். இப்போது நடுவிலுள்ள பரப்பு 0.01 மி.மீ. நசுங்கிவிட்டது என்க. நீண்ட திருகு தன் பிடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். குட்டைத் திருகோ முழுப் பிடியையும் இழந்துவிடும்!

மூன்று பகைகள்

முதற்பகை அதிர்வு. ஒலியடக்கி எஞ்சினின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கிறது. எஞ்சின் மேலும் கீழும் அதிரும்போதெல்லாம் அதன் விளிம்பு எஞ்சின் பரப்பின்மீது வழுக்க முயல்கிறது. பத்து நிமிடம் பறந்தால் 1,20,000 முறை இவ்வாறு நிகழும்.

பக்கவாட்டு அசைவு திருகை எப்படிச் சுழற்றும்? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பலகை ஒன்றைச் சாய்த்து, அதன்மேல் ஒரு மரத்துண்டை வையுங்கள். சாய்வு சிறிதாயின் துண்டு வழுக்காது. உராய்வு அதைத் தடுத்து நிறுத்தும். இனி ஒரு பென்சிலால் துண்டைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். பக்கவாட்டில் நகரும் துண்டு கீழ்நோக்கியும் இறங்குவதைக் காண்பீர்கள். உராய்வு, நகரும் திசைக்கு எதிராகவே செயற்படும். பக்கவாட்டு நகர்வைத் தடுப்பதில் அது செலவாகிவிட, கீழே இறங்குவதைத் தடுக்கப் போதிய உராய்வு எஞ்சுவதில்லை.

திருகின் மரையும் ஒரு தண்டைச் சுற்றிய சாய்தளமே. 3 மி.மீ. திருகில் அதன் சாய்வு ஏறக்குறைய மூன்றரை டிகிரிதான். அசைவில்லாதபோது உராய்வு அதை எளிதில் தாங்கும். பக்கவாட்டில் ஆட்டினாலோ மரத்துண்டு இறங்கியதுபோல் மரையும் தானே பின்னோக்கிச் சுழலும். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் இவ்வுண்மையை 1969-இல் சோதனை வாயிலாக நிறுவினார்.

இரண்டாம் பகை வெப்பம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், 30 மி.மீ. அலுமினியம் அதே நீளமுள்ள எஃகுத் திருகைவிட 0.04 மி.மீ. மிகுதியாக நீள முயலும். அப்போது இடையிலுள்ள கேஸ்கட் நசுங்கும். குளிர்ந்ததும் அலுமினியம் சுருங்கிவிடும். நசுங்கிய கேஸ்கட்டோ மீளாது. விளைவு, தளர்ச்சி.

மூன்றாம் பகை எண்ணெய். புகையோடு வெளிவரும் எண்ணெய் மரைகளில் ஊறி உராய்வைக் குறைக்கிறது.

சீர்செய்யும் முறை

எஞ்சின் நின்று குளிர்ந்த பின்னரே வேலையைத் தொடங்குக. ஒலியடக்கியைக் கழற்றி, இரு பரப்புகளையும் மரைகளையும் அசிட்டோன் போன்ற கரைப்பானால் எண்ணெய்ப் பசையறத் துடைக்கவும். இதைத் திறந்தவெளியில், நெருப்புக்கு அப்பால் செய்தல் வேண்டும்.

கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, ஒலியடக்கியின் விளிம்பை அதன்மேல் தேய்த்தால் மேடுபள்ளங்கள் தெரியும், சமமாகும்வரை தேய்க்கலாம். பரப்பு சமமாயின் தடித்த கேஸ்கட் தேவையில்லை. வெப்பம் தாங்கும் சிலிகோன் பசையை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். மிகுதியாகப் பூசினால் பிதுங்கி எஞ்சினுக்குள் செல்லும்.

அமைப்பு இடந்தருமாயின் நீண்ட திருகுகளையே பயன்படுத்துக. மரைகளைப் பிணைக்கும் பசைகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் சாதாரண வகை 150 டிகிரி அளவிலேயே வலுவிழக்கும். ஆகவே உயர்வெப்ப வகையைக் கேட்டு வாங்குக. பிளவுபட்ட சுருள் வாஷரைப் போட்டுவிட்டால் கவலையில்லை என்று பலர் நம்புகின்றனர். முடுக்கியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷர் போலாகிவிடும். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா 1990-இல் வெளியிட்ட கையேடு, திருகு கழலாமல் தடுக்க அது உதவாது என்றே கூறுகிறது.

இரு திருகுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்குக. மிகையான பலம் வேண்டா; அலுமினிய மரை அறுந்துபோகும். பசை காய்ந்ததும் எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே மறுபடி முடுக்குங்கள். முதற்சூட்டில் நசுங்கியதை இம்முடுக்கு ஈடுசெய்யும். மரைப் பசை இட்டிருந்தால் மட்டும் இவ்வாறு செய்தல் கூடாது. பிடித்த பசை உடைந்துவிடும். அப்போது திருகைக் கழற்றித் துடைத்து, புதுப் பசையிட்டு முடுக்க வேண்டும்.

இறுதியாக, திருகின் தலையிலிருந்து ஒலியடக்கியின் உடல்வரை வண்ணத்தால் ஒரு நேர்கோடு இடுங்கள். ஒவ்வொரு முறையும் பறக்கவிடுமுன் அதைப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் திருகு சுழன்றிருக்கிறது. கோடு நேராகவே இருந்து, இணைப்பில் புதிதாகக் கரிய எண்ணெய்க் கசிவு தெரிந்தால் பரப்பு நசுங்கியிருக்கிறது. இரண்டில் எது தென்பட்டாலும் விமானம் அன்று தரையிலேயே இருக்கட்டும்.