முள்ளங்கி இலையைச் சல்லடையாக்கும் தெள்ளு வண்டு

வாசலில் நான்கு முழம் மண் கிடைத்தால் போதும், ஒரு பாத்தி போட்டுவிடுவது நம்மவர்கள் வழக்கம். தில்லிப் பக்கம் குளிர்காலத்தில் முள்ளங்கிக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் நம் கையால் பிடுங்கிய பிஞ்சு முள்ளங்கியைப் போட்டு வைத்த சாம்பாரின் மணமே தனி. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஓய்வு பெற்றபின், எனக்கும் இந்தத் தோட்டப் பைத்தியம் பிடித்தது.

2022 செப்டம்பர் கடைசியில் முள்ளங்கியும் கடுகுக் கீரையும் விதைத்தேன். நான்காம் நாள் முளைத்தன. எட்டாம் நாள் பார்த்தால் இலையெல்லாம் ஊசியால் குத்தியது போல ஓட்டை. இரண்டு வாரத்தில் பாதிப் பாத்தி காலி. அடுத்த வீட்டு நண்பர் அன்போடு ஒரு பூச்சி மருந்துத் தூளைக் கொண்டுவந்து கொடுத்தார். டப்பாவைத் திறந்து கையில் வைத்திருக்கிறேன். என் நான்கு வயதுப் பேத்தி கடுகு இலையை மென்றபடி வந்து, "தாத்தா, காரமா இருக்கு" என்றாள். டப்பாவை அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கீரை 25 நாளில் சட்டிக்கு வருவது. முள்ளங்கி 45 நாளில் பிடுங்குவது. அதற்குள் விஷம் தூவி யாருக்காகப் பயிர் செய்வது?

திருடனை அடையாளம் காணுங்கள்

இந்த வண்டு 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். கருநீல நிறம், மினுமினுப்பு. கையை நீட்டினால் தெள்ளுப்பூச்சி போலத் துள்ளி மறையும். பின்னங்கால்களின் தொடை அவ்வளவு பருமன். அதனால்தான் தெள்ளு வண்டு என்ற பெயர். முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் ஒரே குடும்பம். எல்லாமே இதற்கு விருந்து. கருப்பும் ஆரஞ்சுமாகப் புள்ளி போட்ட இன்னொரு பூச்சியும் கடுகில் வரும். அது சாற்றை உறிஞ்சுவது. இலை வெளுத்து வாடும், இப்படிச் சல்லடையாகாது.

வளர்ந்த செடிக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. நான்கைந்து இலை விட்டுவிட்டால் வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளர்ந்துவிடும். ஆபத்தெல்லாம் முளைவிட்டது முதல் மூன்று நான்கு வாரங்கள்தான். வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே நாம் காவல் காக்க வேண்டியது அந்த நாட்களை மட்டுமே.

நான் செய்த இரண்டு தவறுகள்

2023-ல் வலை வாங்கினேன். ஆனால் முளைத்து ஒரு வாரம் கழித்து, ஓட்டைகளைப் பார்த்த பிறகுதான் மூடினேன். திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிய கதையாயிற்று. அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி விதைத்து, அன்றே மூடினேன். அப்போதும் வண்டு வந்தது! வலையில் எங்கும் கிழிசல் இல்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இந்த வண்டு செடியின் அடியில் மண்ணில் முட்டையிடும். புழு வேரைத் தின்று, மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, சில வாரத்தில் வண்டாக மேலே வரும். முதலில் விதைத்த அதே பாத்தியிலேயே மறுபடியும் விதைத்திருந்தேன். ரயில்வேயில் முன்னால் போன வண்டி பகுதியைக் கடந்துவிட்டது என்று தெரியாமல் அடுத்ததற்கு லைன் கிளியர் கொடுக்கமாட்டோம். தோட்டத்தில் அதை மறந்தேன்.

இப்போது நான் செய்வது

முதலாவது, இடத்தை மாற்றுவது. சென்ற முறை முள்ளங்கிக் குடும்பம் இருந்த பாத்தியில் இம்முறை வெந்தயமோ கொத்தமல்லியோ போடுகிறேன். பழைய தண்டு, வேர், பக்கத்தில் தானாக முளைத்த கடுகு எல்லாவற்றையும் பிடுங்கி அப்புறப்படுத்துகிறேன்.

இரண்டாவது, விதைத்த அன்றே வலை. அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சி வலை போதும். கொசுவலையின் கண் பெரிதாக இருந்தால் வண்டு நுழைந்துவிடும். மூங்கில் பிளாச்சை வளைத்து நட்டு, இலையில் படாதபடி வலையைப் போர்த்தி, ஓரங்களை நான்கு விரற்கடை ஆழம் மண்ணில் புதைத்துவிட வேண்டும். தண்ணீரை வலையின் மேலேயே பூவாளியால் தெளிக்கலாம். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் வலையைக் கவிழ்த்துத் தொட்டியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினால் போதும்.

மூன்றாவது, பொறிப்பயிர். பத்து நாள் முன்னதாக, தோட்டத்தின் ஒரு ஓரத்தில் ஒரு பிடி கடுகைத் தூவிவிடுங்கள். வண்டுகள் முதலில் அங்கே கூடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குச்சியால் செடியைத் தட்டினால், துள்ளுகிறவை அட்டையில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலை என் பேத்திக்கு மிகவும் பிடிக்கும்!

வலை இல்லாதவர்களுக்கு: சலித்த விறகுச் சாம்பலைக் காலைப் பனி ஈரத்தில் இலைமேல் மெல்லத் தூவலாம். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். மறுபடி தூவ வேண்டும். அள்ளிக் கொட்டாதீர்கள்; இந்தப் பக்கத்து மண்ணில் ஏற்கெனவே காரத்தன்மை உண்டு. நிலக்கரிச் சாம்பல் கூடவே கூடாது. அல்லது 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். உடனே கொல்லாது, தின்ன விடாமல் விரட்டும். காலிஃபிளவர், கோஸ் போன்றவற்றை வலைக்குள் நாற்றாக வளர்த்து, நான்கைந்து இலை வந்தபின் நடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் ஒரு நடை. கீமேன் நாள்தோறும் தண்டவாளத்தை நடந்து பார்ப்பதால்தான் சிறு விரிசலும் கண்ணில் படுகிறது. காலையில் காப்பி டம்ளரோடு பாத்தியைச் சுற்றி வந்து இலையைக் கவனியுங்கள்.

2024-ல் இம்முறைகளைக் கடைப்பிடித்தேன். இலையில் அங்கங்கே ஓட்டை இருந்தது. அதை வண்டின் பங்கு என்று விட்டுவிட்டேன். பொங்கலன்று சாம்பாருக்குத் தோட்டத்து முள்ளங்கிதான். பேத்தி பாத்தியோரம் நின்று இலையைப் பறித்து மென்றாள். இம்முறை நான் பயப்படவில்லை.