ஹெடர் ஆசிரியரின் வேலைநாள்: அறிவின் மதிப்பும் உழைப்பின் விலையும்

கல்வி வரலாறு பெரும்பாலும் கொள்கைகளின் வரலாறாகவும் நிறுவனங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. காலை முதல் மாலை வரை பிள்ளைகளின் நடுவே அமர்ந்திருந்த ஆசிரியரின் அன்றாட உழைப்பு அதில் அரிதாகவே இடம்பெறுகின்றது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே சிறுவர்க்கு எழுத்தறிவித்த 'மெலாமெட்' எனும் ஆசிரியரின் வேலைநாளை நாம் இங்கு நோக்குவதற்குக் காரணம் உண்டு. கற்றலை யூத சமூகத்தின் அளவுக்குப் போற்றிய சமூகங்கள் மிகச் சிலவே. எனினும் அச்சமூகத்திலேயே சிறுவர்க்குக் கற்பித்தவர் வறியவராகவும் எள்ளலுக்குரியவராகவும் இருந்தார். இம்முரண்பாடு எங்ஙனம் நிலைபெற்றது என்பதே எமது வினா.

'ஹெடர்' என்னும் எபிரேயச் சொல் அறை எனப் பொருள்படும். 19ஆம் நூற்றாண்டில் ருஷ்யப் பேரரசின் மேற்கு மாகாணங்களிலும் ஒஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட கலீசியாவிலும் பள்ளி எனப்பட்டது பெரும்பாலும் ஆசிரியர் குடியிருந்த அறையேயாகும். ஒரு நீண்ட மேசை, வாங்குகள், ஒரு மூலையில் அடுப்பு, அவ்வளவே. பாடம் நடந்த அதே இடத்தில் அவரது மனைவி சமைத்தாள், தன் குழந்தைகளைப் பேணினாள். சில இடங்களில் பெண்பிள்ளைகளுக்குத் தொழுகைநூல் வாசிக்கக் கற்பித்தவளும் அவளே. அவளுடைய உழைப்பு எக்கணக்கிலும் சேரவில்லை.

காலைத் தொழுகையின் பின் வேலைநாள் தொடங்கும். 'பெல்ஃபர்' எனப்பட்ட உதவியாளன் வீடுதோறும் சென்று சிறுவரை அழைத்து வருவான். சேற்றிலும் பனியிலும் மிகச் சிறியோரைச் சுமந்து வருதலும் உண்டு. மூன்று, நான்கு வயதினர் ஆசிரியரின் சுட்டுகோல் காட்டிய எழுத்துக்களை ஒவ்வொன்றாக உச்சரிப்பர். அடுத்த நிலையினர் தோராவைத் தொடங்குவர். மரபுப்படி அது ஆதியாகமமன்று, பலிச் சடங்குகளைக் கூறும் லேவியராகமமே. எபிரேயச் சொல்லைக் கூறி, அதன் பொருளை உடனே வீட்டு மொழியான யிடிஷில் கூறுதல் கற்பித்தல் முறையாக இருந்தது. ஒருவரோ சிலரோ மேசையருகே ஒப்புவிக்க, ஏனையோர் காத்திருப்பர் அல்லது முற்றத்தில் விளையாடுவர். ஆகவே பிள்ளைக்கு ஓய்வு கிட்டிய வேளையிலும் ஆசிரியருக்கு ஓய்வில்லை. குளிர்காலத்திற் சிறுவர் கையில் விளக்குடன் இருளில் வீடு திரும்பினர். ஓய்வுநாளன்று தந்தை மகனைப் பரீட்சிப்பார். அவ்வேளையில் ஆசிரியரும் பரீட்சிக்கப்பட்டார் எனலாம்.

இவ்வுழைப்புக்குரிய ஊதியம் எத்தகையது? தோராவை மோசே விலையின்றிக் கற்பித்தார். ஆதலால் ஏனையோரும் விலையின்றியே கற்பித்தல் வேண்டும் என்பது தல்மூத்தின் நிலைப்பாடு. ஆனால் ஆசிரியரும் உண்ண வேண்டும். இச்சிக்கலுக்குச் சட்ட அறிஞர் சில தீர்வுகளைக் கண்டனர். பிள்ளைகளைக் காவல் செய்ததற்கான கூலி, வாசிப்பின் இசையமைதியைக் கற்பித்ததற்கான கூலி, வேறு தொழில் செய்யாது இழந்த நேரத்திற்கான ஈடு என ஊதியத்திற்கு வேறு பெயர்கள் வழங்கப்பட்டன. அறிவு விலைபொருளன்று என்னும் உயரிய கொள்கை இதனாற் காக்கப்பட்டது. ஆயின் கற்பித்தல் என்ற உழைப்பு தன் பெயரிலேயே ஊதியம் கோரும் உரிமையை இழந்தது.

அதே தல்மூத், வேலைச்சுமைக்கு வரம்பு விதித்தமையும் மனங்கொள்ளத்தக்கது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 ஆயின் உதவியாளர் ஒருவர். 50 ஆயின் ஆசிரியர் இருவர். ஊர்தோறும் ஆசிரியரை நியமிக்கும் ஏற்பாட்டை, கி.பி. முதலாம் நூற்றாண்டினரான யோசுவா பென் கம்லாவுக்கு அது உரித்தாக்குகின்றது. ஆனால் கிழக்கு ஐரோப்பிய ஹெடர் பெரும்பாலும் தனியார் ஒப்பந்தத்திலேயே இயங்கிற்று. ஆண்டுக்கு இரு தவணைகள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னர் பிள்ளைகளைத் தேடிப் பெற்றோரின் வாயில்களில் மெலாமெட் நிற்க நேர்ந்தது. தல்மூத்தைக் கற்பித்தவருக்கு ஓரளவு மதிப்பிருந்தது. அகரம் கற்பித்தவர் அடிநிலையில் இருந்தார். வேறு தொழில்களிற் தோற்றவரின் கடைசிப் புகலிடமாக இத்தொழில் கருதப்பட்டது.

இவ்வாசிரியரைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் அவருடைய மாணவர் எழுதியனவே. 1792, 1793இல் வெளிவந்த சாலமன் மைமோனின் தன்வரலாறு முதலாக, ஹெடரை விட்டு நீங்கிப் புதிய கல்வியை நாடியோர் அதன் இருளையும் பிரம்படியையும் கசப்புடன் விவரித்தனர். அடி உண்மையே, அதனை நியாயப்படுத்த இயலாது. எனினும் சீர்திருத்த நோக்குடைய அவ்வெழுத்துக்கள் கொடுமையைத் தனிமனிதரின் குணமாகக் கண்ட அளவுக்கு, அவ்வறையின் நெரிசலையும் முடிவற்ற வேலைநேரத்தையும் அதன் காரணங்களாகக் காணவில்லை. மெலாமெட்டோ தம் நாளைத் தாமே எழுதி வைத்தது மிக அரிது.

இந்நிலை 20ஆம் நூற்றாண்டில் மாறிற்று. 1921இல் போலந்தில் மத்திய யிடிஷ் பள்ளி அமைப்பு உருவாயிற்று. சமயச் சார்பற்ற அதன் பள்ளிகளில், தொழிலாளர் இயக்கத்தைச் சார்ந்த ஆசிரியர் பலர் பணியாற்றினர். வறுமை நீங்கவில்லையாயினும், ஆசிரியர் தம்மை உழைப்பாளராகவே கண்டனர்.

1939இல் நாசிகள் வார்சோவைக் கைப்பற்றி யூதப் பள்ளிகளை மூடிய பின்னர் கற்பித்தல் இரகசியத் தொழிலாயிற்று. தனியார் வீடுகளிலும் சிறுவர் உணவுச்சாலைகளிலும் பாடங்கள் நடந்தன. எபிரேயப் பள்ளியொன்றை நிறுவிய ஹைம் கப்லான், பெண்கள் பள்ளி ஆசிரியரான ஆபிரகாம் லெவின் ஆகியோர் தம் நாட்களைத் தாமே எழுதினர். கப்லானின் நாட்குறிப்பு 1942 ஆகஸ்டுடன் முடிகின்றது. லெவினுடையது 1943 ஜனவரியுடன் முடிகின்றது. இருவரும் கொல்லப்பட்டனர். லெவினின் குறிப்புக்கள் வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம் அமைத்த இரகசிய ஆவணக்காப்பகத்துடன் நிலத்தடியிற் தப்பின. அக்காப்பகத்தின் முதற் பகுதியை 1942 ஆகஸ்டில் நொவோலிப்கித் தெருப் பள்ளிக் கட்டிடத்தின் அடியிற் புதைத்தவர் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் எனும் ஆசிரியர். அவருக்குத் துணைநின்ற இருவர் அவருடைய மாணவர். அப்பகுதி 1946இலும், பிறிதொரு பகுதி 1950இலும் மீட்கப்பட்டன.

அறிவைப் போற்றுதல் வேறு, அறிவூட்டும் உழைப்பை மதித்தல் வேறு. முன்னதைச் சமூகம் எளிதிற் செய்தது. பின்னதை அதனிடமிருந்து ஆசிரியர் கோரிப் பெறவேண்டியிருந்தது. ஆசிரியரின் நாளைப் பிறர் மட்டுமே எழுதும்வரை, அந்நாளில் அவர் செய்த வேலை எவருடைய கண்ணுக்கும் வேலையாகத் தோன்றவில்லை.