‘பயமா இருக்கா?’: ஆட்டிசம் உடைய குழந்தைகளுடனான உணர்ச்சிப் பேச்சும் நான்காம் வேற்றுமையும்

ஆட்டிசம் உடைய குழந்தைகளின் பேச்சில் தன்மை, முன்னிலைப் பெயர்கள் இடம் மாறி வருவதை லியோ கானர் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பதிவு செய்துள்ளார். அவர் விவரித்த 11 குழந்தைகளுள் பேசக்கூடியோர் சிலர் தம்மை ‘நீ’ என்றே குறித்தனர். கேட்ட தொடரை மாற்றாமல் திருப்பிச் சொல்வதே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். ஆங்கிலப் பேச்சை முன்வைத்து விளக்கப்பட்ட இக்கூறு, தமிழில் பெற்றோர் உணர்ச்சியைப் பற்றிப் பேசுமிடத்தில் தனி வடிவம் கொள்கிறது.

தமிழில் செயலைக் குறிக்கும் வினைமுற்று பெரும்பாலும் இடத்தைக் காட்டிவிடும். ‘ஓடுகிறேன்’, ‘ஓடுகிறாய்’ என்பவற்றில் ஓடுபவர் யார் என்பதை விகுதியே உணர்த்துகிறது. உணர்ச்சியைச் சொல்லும்போதோ அதனை உறுபவர் நான்காம் வேற்றுமை ஏற்க, வினை அஃறிணை ஒருமையில் நின்றுவிடுகிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’, ‘உனக்குப் பயமாக இருக்கிறது’ என்னும் இரண்டிலும் வினை ஒன்றே. இடவேறுபாட்டை மூவிடப்பெயர் மட்டுமே தாங்குகிறது. ‘பயப்படுகிறேன்’ போன்ற வடிவங்களும் உண்டு. எனினும், அழும் குழந்தையிடம் ‘பயமா இருக்கா?’ என்று கேட்பதே பேச்சுவழக்கின் இயல்பு. அங்கு அந்தப் பெயரும் விடுபட்டுப் போகிறது.

குக்கர் விசில் ஒலித்ததும் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். தாய் ‘பயமா இருக்கா?’ என்கிறார், குழந்தையும் ‘பயமா இருக்கா’ என்கிறது. ‘இருக்கு’ என்னும் விடையினின்று இதனைப் பிரிப்பது ஈற்றிலுள்ள வினா ஆகாரம் ஒன்றே. பொருளற்ற எதிரொலி என்று பெரியவர் இதனை ஒதுக்கிவிட்டால், குழந்தை தன் அச்சத்தைச் சொல்லியும் சொல்லாததாகிவிடும். உடனடி எதிரொலிப் பேச்சு உடன்பாட்டு விடையாகவும் வேண்டுகோளாகவும் பயன்படுவதைப் பிரிசான்ட், டூச்சான் ஆகியோர் 1981இல் எடுத்துக்காட்டினர்.

இச்சிக்கலைத் தணிக்கும் இரு முறைகள் தமிழ் வீடுகளில் முன்பே வழக்கில் உள்ளன. ‘அம்மாவுக்குக் கோபம்’, ‘கண்ணனுக்குப் பயமா?’ என உறவுப்பெயரும் இயற்பெயரும் இட்டுப் பேசுவது ஒன்று. பேசுபவர் மாறினாலும் இப்பெயர்கள் மாறுவதில்லை. ஆனால் ‘எனக்கு’ என்னும் சொல்லை இம்முறை கற்பிக்காது. குழந்தையின் நிலையில் நின்று, ‘சத்தம் பெரிசா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு’ எனத் தாயே சொல்லிக்காட்டுவது மற்றொன்று. அப்படியே திருப்பிச் சொன்னாலும் தொடர் பிழையாகாது என்பதால், இதுவே கூடுதல் பயன் தரும் எனலாம். மெய்ப்பாடு ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் கூறுகிறது. குக்கர் விசில் அப்பட்டியலில் இல்லையாயினும், உணர்ச்சியை அதன் நிலைக்களனோடு சேர்த்துச் சொல்லும் முறை இங்கும் பொருந்துகிறது.

இம்முறையிலும் ஓர் இடர் உண்டு: உணர்ச்சிக்குப் பெயரிடுபவர் பெரியவரே. கைகளை உதறுவது அச்சமாகவும் இருக்கலாம், உவகையாகவும் இருக்கலாம். புரிதற்குறை இருபாலுக்கும் உரியது என டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த கருத்து இங்கு நினைக்கத்தக்கது. ஐயம் உள்ளபோது உணர்ச்சிப்பெயரை விடுத்து, ‘சத்தம் பெரிசா இருக்கு’ என்பதோடு தாய் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த சொல்லைக் குழந்தை சேர்க்கக்கூடும்.