பசை பூசும் எந்திரத்துக்கு எந்தப் பிரஷ்?

கன்னியாகுமரி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் கீரிப்பாறை போன்ற ரப்பர் பகுதிகளில் மரப்பட்டைமேல் பிரஷால் பூசும் பசைகள் முக்கியமாக மூன்று. மழைக்காப்புப் பிளாஸ்டிக்கை மரத்தோடு ஒட்டவைக்கும் தார்ப்பசை ஒன்று. பால் கூடுதல் நேரம் வடிவதற்காக எத்திஃபானை எண்ணெயில் கலந்து தடவும் ஊக்கி மற்றொன்று. கவடுகளில் வரும் இளஞ்சிவப்பு நோய்க்கான போர்டோ பசை மூன்றாவது. மூன்றும் கையால் நடக்கிற வேலைகள். இவற்றை எந்திரத்திடம் கொடுக்க நினைப்பவர் முதலில் மோட்டாரையும் எந்திரக் கையையும் பற்றித்தான் யோசிப்பார். வேலை உண்மையில் சிக்கிக்கொள்ளும் இடம் பிரஷின் நுனி.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக இந்த மாவட்டத்தில் அரசு ரப்பர் தோட்டங்கள் வளர்க்கப்பட்டன. பிறகு 1984-இல் அவற்றை நடத்த அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. கீரிப்பாறை அதன் தோட்டக் கோட்டங்களில் ஒன்று. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கே பெய்யும். ரப்பருக்கு அது வரம், பால்வெட்டுக்கு இடைஞ்சல். வெட்டுப்பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெங்கும் பரவி ஓடும், சிரட்டையில் விழுந்த பாலிலும் தண்ணீர் சேரும். அதனால் வெட்டுப்பட்டைக்குச் சற்று மேலே பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோலக் கொசுவி மரத்தைச் சுற்றிக் கட்டுகிறார்கள்.

அந்தக் கட்டின் உயிர் தார்ப்பசையில் இருக்கிறது. மேல்பட்டையின் காய்ந்த செதில்களை இலேசாகச் சுரண்டிவிட்டு, மரத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் பசையைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக்கை ஒட்ட வேண்டும். பட்டையின் வெடிப்பு ஒன்றில் பசை இறங்காமல் விட்டுப்போனால் போதும், மழைத்தண்ணீர் அந்த வழியாக உள்ளே புகுந்துவிடும். தார் இன்னொரு தொல்லையும் தரும்: வெயிலில் இளகும், குளிரில் இறுகும். கெட்டித் தாரும் திரவம்தான் என்று காட்ட ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் ஒரு புனலில் தாரை நிரப்பிவைத்தார். அதிலிருந்து 2014 வரை விழுந்தவை ஒன்பது சொட்டுகள். தோட்டத்தில் பயன்படும் பசை அவ்வளவு கெட்டியல்ல. கரைப்பான் சேர்த்து இளக்கியது. ஆனாலும் காலை ஏழு மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் அதன் இழுவை ஒன்றாக இருக்காது. கையால் பூசுபவர் இதை உணர்ந்து அழுத்தத்தைத் தானாகவே மாற்றிக்கொள்கிறார். எந்திரத்துக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எத்திஃபான் விஷயம் நேர் எதிர். அது பட்டைக்குள் சிதைந்து எத்திலீன் வாயுவை வெளியிடுகிறது. அதனால் பால்குழாய்கள் அடைபட நேரமாகி, பால் நெடுநேரம் வடிகிறது. இங்கே பசை கெட்டியாகவும் இல்லை, நிறையவும் வேண்டாம். ஒரு மரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கலவை போதும். அளவு மீறி அடிக்கடி பூசினால் பட்டை மரத்துப்போய், வெட்டினாலும் பால் வராது. ஆக, இந்த வேலைக்கான பிரஷின் தகுதி அது எவ்வளவு பூசுகிறது என்பதில் இல்லை. எவ்வளவு சீராகக் குறைத்துப் பூசுகிறது என்பதில் இருக்கிறது. போர்டோ பசைக்கு இந்த நுட்பம் தேவையில்லை. 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தமும் (செம்பு சல்ஃபேட்) ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்ந்த குழம்பு அது. கவட்டில் தாராளமாக அப்பலாம்.

ஒரு பிரஷ் திரவத்தைப் பிடித்துவைப்பது இழைகளால் அல்ல, இழைகளுக்கு இடையே இருக்கும் சந்துகளால். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இழைகளுக்கு நடுவே திரவம் நுண்புழை விசையால் ஏறி நிற்கிறது. பிரஷைப் பரப்பில் அழுத்தி இழுக்கும்போது இழைகள் வளைந்து சந்துகள் நெருங்க, உள்ளே இருந்தது வெளியே பிதுங்கிப் படலமாகிறது. தண்ணீர் போன்ற திரவத்துக்கு மெல்லிய இழைகளும் குறுகிய சந்துகளும் வேண்டும், இல்லாவிட்டால் சொட்டும். கெட்டிப் பசைக்கு இதே அமைப்பு கெடுதல். குறுகிய சந்துக்குள் பசை நுழையாது. நுழைந்தது வெளியே வராது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். எனவே பசை கெட்டியாக ஆக இழை தடித்தும், நீளம் குறைந்தும், கூட்டம் தளர்ந்தும் இருக்க வேண்டும்.

எவ்வளவு தடித்து, எவ்வளவு நீளம் குறைந்து? ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை விட்டிருக்கும் கம்பியின் விதி இதற்கும் பொருந்தும். இழையின் விட்டத்தை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு 16 மடங்கு கூடுகிறது. நீளத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் பெரிய வித்தியாசம் என்பது இதனால்தான். சுவர்ப் பெயின்ட்டுக்கு எடுத்த பிரஷைத் தாரில் முக்கினால் இழைகள் படுத்துவிடுவதும், அதையே பாதி நீளத்துக்கு நறுக்கினால் வேலை செய்யத் தொடங்குவதும் இந்தக் கணக்கின் விளைவு. நறுக்குவதில் ஒரு நட்டம் உண்டு: நுனி பிளந்த இழைகளாக இருந்தால் அந்தப் பிளவு போய்விடும். மெல்லிய, சீரான படலத்தைத் தருவது அந்தப் பிளவுதான். எத்திஃபான் பிரஷில் அது இருக்க வேண்டும். தார்ப் பிரஷில் இல்லாவிட்டாலும் குறையில்லை.

இழையின் பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பன்றிமயிர் போன்ற விலங்கு மயிர்கள் புரதத்தாலானவை. சுண்ணாம்பின் காரம் அவற்றைத் தின்றுவிடும். போர்டோ பசையில் அவை சில நாளும் தாங்கமாட்டா. நைலான் காரத்தையும் கரைப்பான்களையும் தாங்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சித் தளரும், அமிலம் அதற்கு ஆகாது. எத்திஃபான் அமிலத்தன்மை உள்ளது. பாலிபுரொப்பிலீன் அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாது. மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களில்தான், அதுவும் சூட்டில், ஊதிப்போகும். ஆகவே தாருக்கு நைலான், மற்ற இரண்டுக்கும் பாலிபுரொப்பிலீன் என்று பிரித்துக்கொள்வது நல்லது. மூன்று பசைக்கும் ஒரே பிரஷ் என்று சிக்கனம் பார்ப்பது வீண். இழைகளைப் பிடித்திருக்கும் பட்டையும் கவனிக்கத்தக்கது. போர்டோ கலவையை இரும்புப் பாத்திரத்தில் கலக்கக்கூடாது என்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததே. சுண்ணாம்பு குறைந்திருந்தால் கலவையில் முக்கியெடுத்த கத்தியில் செம்பு படியும். தகரப் பட்டை போட்ட பிரஷுக்கும் அதே கதிதான். அந்தச் செம்பு ரப்பர் பாலில் கலப்பதும் தீங்கு. செம்பு சேர்ந்த ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெடும்.

தாவர இழையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தென்மாவட்டங்களில் வெள்ளையடிக்கத் தாழை விழுதையோ பனைமட்டை நுனியையோ நசுக்கிப் பிரஷாக்கியவர்கள் சுண்ணாம்புக்கு ஏற்ற இழை எது என்பதை அனுபவத்தால் கண்டறிந்திருந்தார்கள். பனைமட்டையின் அடிப்பகுதியிலிருந்து எடுக்கும் பனந்தும்பு, தூத்துக்குடி வழியாக வெளிநாட்டுப் பிரஷ் ஆலைகளுக்கு நெடுங்காலமாக ஏற்றுமதியான சரக்கு. தடிப்பும் விறைப்பும் கொண்ட அந்த இழை போர்டோ பசைக்கும் தாருக்கும் பொருந்தும். ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு பருமனில் இருப்பது எந்திரத்துக்குக் குறைபாடாகத் தோன்றலாம். கெட்டிப் பசையில் அது உதவவே செய்கிறது: ஒழுங்கற்ற இழைகள் நெருங்கி ஒட்டிக்கொள்வதில்லை.

இனி எந்திரம். கையால் பூசும்போது பிரஷைப் பசையில் முக்கி, விளிம்பில் வழித்து, மரத்தில் இழுக்கிறோம். எந்திரத்துக்கு முக்குவது சரிப்படாது. ஒவ்வொரு முறையும் வேறு அளவு ஏறும். வாளிக்குப் போய்வரும் நேரம் வீணாகும். தீர்வு, பசையைக் குழாய் வழியாகப் பிரஷின் உள்ளேயே ஊட்டுவது. காலணி ஆலைகளில் பசை தடவும் கருவிகள் சிலவற்றில் பிரஷின் பிடி வழியாகவே பசை வருகிறது. கார் ஆலைகளில் முன்கண்ணாடியின் விளிம்புக்கு முதலில் பூசும் பிரைமரை எந்திரக் கை ஒன்று பிரஷாலோ கம்பளி நுனியாலோ தடவுகிறது. அதற்கு மேல் வரும் கெட்டியான பாலியூரித்தேன் பசையைக் குழல்முனைதான் கயிறாகப் பிதுக்குகிறது. இந்தப் பிரிவினை யோசிக்கத்தக்கது. கண்ணாடி வழவழப்பானது, அளவு மாறாதது. அங்கே குழல்முனை போதும். மரப்பட்டையில் குழல்முனை பிதுக்கிய தார் மேட்டில் மட்டும் உட்கார்ந்திருக்கும். உருளையும் வெடிப்பைத் தாண்டிப் போய்விடும். இழை நுனிதான் வெடிப்புக்குள் இறங்கும்.

ஊட்டு பிரஷில் நடுவே ஒரே பெரிய துளை வைப்பது வழக்கமான பிழை. பசை எளிய வழியைத் தேடி நடுவில் மட்டும் வழியும். ஓரத்து இழைகள் காய்ந்து இறுகும். அகலவாட்டில் வரிசையாகச் சிறு துளைகள் வைத்து, துளைகளைச் சுற்றி இழைக் கூட்டத்தைத் தளர்த்தி, வெளி வரிசையை மட்டும் விறைப்பாக அமைத்தால் வெளி வரிசை வேலிபோல நின்று பசையைப் பட்டைக்குள் தள்ளும். பம்ப்பும் பசைக்கேற்றதாக வேண்டும். சுண்ணாம்புத் துகள் பல்சக்கரப் பம்ப்பைத் தேய்த்துவிடும். குழாயை வெளியிலிருந்து பிசையும் பம்ப்பில் பசை படும் பாகம் குழாய் மட்டுமே. போர்டோவுக்கும் எத்திஃபானுக்கும் அது ஏற்றது. தாருக்கு அழுத்தத் தொட்டியோ உந்துதண்டுப் பம்ப்போ வேண்டும், கூடவே இளஞ்சூடும்.

தொடங்குவதைவிட நிறுத்துவது கடினம். பம்ப் நின்ற பிறகும், விரிந்திருந்த ரப்பர் குழாய் சுருங்கிக் கொஞ்சம் பசையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் அடைப்பிதழ் பிரஷுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும்; நிறுத்தும் கணத்தில் பம்ப் ஒரு நொடி பின்னோக்கிச் சுற்றிப் பசையை உள்ளே இழுக்க வேண்டும். தார் நூல்விடும் பசை. பிரஷை நேராகப் பின்னுக்கு எடுத்தால் மெல்லிய கம்பியாக நீண்டு, அறுந்து, வெட்டுப்பட்டையிலும் சிரட்டையிலும் விழும். பூச்சின் கடைசியில் பிரஷை மேல்நோக்கி மெதுவாக வழித்து எடுத்தால் நூல் பட்டையிலேயே அறும். கை இதை எண்ணிப் பார்க்காமல் செய்கிறது.

ரப்பர் மரம் பால்வெட்டுக்கு வரும்போது 125 சென்டிமீட்டர் உயரத்தில் அதன் சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும். பிறகு ஆண்டுதோறும் பருக்கும், சாயும், ஒரு பக்கம் புடைக்கும். எந்திரக் கையின் கணிப்பு ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் பூச்சு கெடாதிருக்க வேண்டுமானால் பிரஷின் இடத்தைக் கட்டுப்படுத்தக்கூடாது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஸ்பிரிங் வைத்த பிடியில் பிரஷைப் பொருத்தினால் மரத்தின் மேடுபள்ளங்களை அதுவே பின்தொடரும். மரத்தைக் கவ்வும் வளையம் ஒன்றில் பிரஷ் சுற்றிவரும்படி செய்தால் தார் வளையம் ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

சுத்தம் செய்வதை வடிவமைப்பாளர்கள் கடைசியில் நினைக்கிறார்கள். முதலில் நினைக்க வேண்டியது அது. இழைகளின் வேரில் பசை உலர்ந்தால் பிரஷ் தீர்ந்தது. பிரஷ் தலை கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஓய்வில் தார்ப் பிரஷ் கரைப்பானிலும் போர்டோ பிரஷ் தண்ணீரிலும் நிற்க ஒரு மூடியும் வேண்டும். உதிரும் இழை பாலில் விழுந்தால் கண்ணில் படுவதற்கு, உணவு ஆலைகளில் செய்வதுபோல இழைக்கு நீல நிறம் கொடுப்பது மலிவான ஏற்பாடு.

சீனாவின் ஹைனான் தீவில் பால்வெட்டும் எந்திரங்களே சோதனைக்கு வந்துவிட்டன. சமதளத்தில் நேர்வரிசையாக மரம் நிற்கும் இடத்தில், சக்கரத்தில் நகரும் எந்திரம் பசையையும் பூசலாம். கீரிப்பாறையின் சரிவும் கல்லும் ஈரமும் அதற்கு இடம் கொடுப்பவை அல்ல. ஒரு ஹெக்டேரில் நானூறுக்கு மேற்பட்ட மரங்கள். ஒவ்வொன்றையும் நோக்கி எந்திரத்தை நகர்த்துவதே பெரும் வேலையாகிவிடும். இங்கே பொருந்துவது பாதித் தானியங்கி: முதுகில் பசைத் தொட்டியும் பேட்டரிப் பம்ப்பும், கையில் ஊட்டு பிரஷ். அளவை எந்திரம் பார்த்துக்கொள்ளும், அழுத்தத்தைக் கை பார்த்துக்கொள்ளும். எந்த வடிவமானாலும் ஒரு மழைக்காலம் முழுவதும் சில மரங்களில் பூசிவைத்து, ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே ஏற்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. பட்டை உலர்ந்திருக்கும்போதே தார் பூச வேண்டியிருப்பதால், சோதனைப் பிரஷ்கள் மே மாதத்துக்குள் தோட்டத்துக்கு வந்தாக வேண்டும்.