பாட்டாற் பிழைத்த மொழி

ஓரினத்தின் உயிர் எங்கே உறைகின்றது? படையிலா, பொருளிலா? பால்டிக் கடலோரத்து எஸ்தோனியா என்னுஞ் சிறு நாட்டின் வரலாறு, ‘பாட்டில்’ என்று விடை பகர்கின்றது.

அந்நாட்டார் 1869ஆம் ஆண்டில் தார்த்து நகரிற் கூடி முதலாவது பாட்டுவிழாவை எடுத்தனர். அக்காலத்தில் ஆட்சி ருஷியப் பேரரசனுடையது. நிலமோ பெரும்பாலும் ஜேர்மானியப் பிரபுக்களுடையது. குடியானவர் தமதென்று சொல்லத்தக்கது மொழி ஒன்றே.

1918இல் விடுதலை அறிவித்த நாடு 1940இற் சோவியத்து ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. பாட்டுவிழா பின்னரும் நடந்தது. பாடத்தக்கவை எவையென அரசே வகுத்தது. லிதியா கொய்துலா என்னும் பெண்பாற் புலவர் தாய்நாட்டின்மேற் பாடிய செய்யுளுக்குக் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இசையமைத்திருந்தார். நிரலில் இடம்பெறாத அப்பாட்டை 1960ஆம் ஆண்டு விழாவில் மக்கள் தாமாகவே பாடினர். 1988இல் தாலின் நகர்ப் பாட்டுத்திடலிற் பெருந்திரளாய்க் கூடிப் பாடினர். 1991 ஓகஸ்ட் 20இல் விடுதலை மீண்டது.

அடக்குமுறையை அறியாத இன்றைய இளைஞரும் 1962இல் தொடங்கிய இளைஞர் பாட்டுவிழாவிற் பாடுகின்றனர். மகிழத்தக்கதே. ஆயினும் இளைஞர் யாவர்க்கும் அப்பாட்டுத் தம் பாட்டாகுமோ?

ருஷிய எல்லையிலுள்ள நார்வா நகரத்தாருட் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் ருஷியமொழி பேசுவோர். அவருட் பலர் சோவியத்துக் காலத்தில் தொழில்நாடி வந்தோரின் வழித்தோன்றல்கள். அவர்தம் பிள்ளைகள் பிறந்த மண் எஸ்தோனியா. தாலாட்டுக் கேட்டதோ ருஷியமொழியில். 2024 முதல் அவர்கள் படிக்கும் பள்ளிகளும் முதலாம், நான்காம் வகுப்புக்களில் தொடங்கிப் படிப்படியாக எஸ்தோனிய மொழிக்கு மாறிவருகின்றன.

இதனை முற்றும் பிழையென்று யான் கூறேன். நாட்டுமொழி அறியாதார்க்கு உயர்கல்வியும் உத்தியோகமும் எட்டாக்கனியாகும். தனித்தனிப் பள்ளிகளில் வளர்வோர் ஒருவரையொருவர் அறியாமலே முதியராவர். ஆனால், பல்லாண்டு மொழி கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தன் வீட்டுமொழி இழிந்ததெனக் கேட்ட பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்; அது மதிக்கப்படுவதைக் கண்ட பிள்ளை பிறிதொரு மொழிக்குஞ் செவி சாய்க்கும். இதனை வகுப்பறையிற் கண்கூடாகக் கண்டுள்ளேன்.

தாய்மொழியை நெருக்கினால் அது நெஞ்சின் ஆழத்தில் வேரூன்றும் என்பதை எஸ்தோனியருக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. தாம் பட்ட துன்பத்தை அளவுகோலாகக் கொண்டு பிறர் பிள்ளையின் உள்ளத்தை அளந்தறிதலே பண்பாடு. நார்வாப் பிள்ளை தன் தாய்மொழியை மறவாமலே அத்திடலில் நின்று ‘இதுவும் என் பாட்டு’ எனப் பாடும் நாளிலேதான் அவ்விடுதலை நிறைவெய்தும் என்பது என் துணிபு.