எந்தச் சங்கத்தில் சேருவது?

தமிழ்நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சங்கத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. பாண்டிய மன்னர்கள் மூன்று சங்கங்களோடு திருப்தியடைந்தார்கள். இப்பொழுதோ எந்தத் தாலுகா ஆபீஸ் வாசலிலும் அரைமணி நேரம் நின்றால் அதைவிட அதிகமான சங்கங்களின் சுவரொட்டிகளை எண்ணிவிடலாம். அவற்றுள் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே ஏற்பட்டவை பல. பென்ஷன்காரர் சங்கம், மூத்த குடிமக்கள் மன்றம், முதியோர் நலச் சபை என்று அவற்றுக்குப் பெயர்களும் பல. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று மாலையும் கழுத்துமாக ஒருவர் வீடு திரும்பிய சில நாட்களுக்குள், இரண்டு மூன்று சங்கங்களிலிருந்து விண்ணப்பத் தாள்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. எதில் கையெழுத்துப் போடுவது? எல்லாவற்றிலுமா? ஒன்றுமே வேண்டாமா?

இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடிக்கு அதிகம். தேச முழுவதையும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் மட்டும் 10.4 பேர். எங்கள் ஆவுடையார்கோவில் தாலுகாவைப் போன்ற இடங்களில் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும், அதற்கப்பால் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போய்விட, திண்ணைகளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் நரைத்த தலைகளே. கூட்டுக் குடும்பம் முன்னாளில் செய்துவந்த காரியங்களில் சிலவற்றைச் சங்கந்தான் செய்ய வேண்டும் என்ற நிலைமை வந்துவிட்டது. ஆகவே, பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நாம் நடத்தும் விசாரணையில் பத்தில் ஒரு பங்காவது சங்கம் தேடும்போதும் நடத்துவது நலம்.

பரியும் நரியும்

ஆவுடையார்கோவிலுக்குத் திருப்பெருந்துறை என்பது பழைய பெயர். குதிரை வாங்குவதற்காகப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை, மந்திரியாயிருந்த மாணிக்கவாசகர் இவ்வூரில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது புராணம். பிறகு இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிச் சென்றதும், பகலில் கம்பீரமாய் நின்ற அந்தக் குதிரைகள் இரவில் மறுபடி நரிகளாகி ஊளையிட்டதும் எல்லாரும் அறிந்த கதை.

திருவிளையாடலாக நடந்ததைப் பற்றி நாம் கேள்வி கேட்பதற்கில்லை. ஆனால் மனிதர் நடத்தும் ஸ்தாபனங்களில் இத்தகைய மாறாட்டம் நடக்கக் கூடாதல்லவா? விண்ணப்பத் தாளில் பரியாகத் தோன்றுவது, சந்தா கட்டிய பிறகு நரியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி? இதுதான் கேள்வி.

முதலில் தேவையைத் தெரிந்துகொள்க

சங்கத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன் தம்மைப் பற்றியே விசாரித்துக்கொள்ள வேண்டும். வயோதிகருக்குச் சங்கத்தால் ஆகக்கூடிய காரியங்கள் பொதுவாக மூன்று: உரிமையைக் காப்பது, கஷ்டத்தில் கைகொடுப்பது, பேச்சுத் துணையாய் இருப்பது. மூன்றையும் ஒரே சங்கம் செவ்வையாகச் செய்வது அபூர்வம்.

உரிமைக்காகப் போராடும் சங்கத்தின் மகிமைக்கு நமது தேசத்திலேயே சிறந்த உதாரணம் உண்டு. 1979-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் பென்ஷன் கணக்கிடும் முறையைத் தாராளமாக்கினார்கள். ஆனால் அந்தத் தாராளம் அவ்வருஷம் மார்ச்சு 31-ஆம் தேதியிலும் அதற்குப் பிறகும் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே என்று ஒரு கோடு கிழித்தார்கள். ஒரே உத்தியோகத்தைப் பார்த்த இருவரில் முந்தின நாள் வெளியேறியவருக்கு ஒரு கணக்கு, மறுநாள் வெளியேறியவருக்கு வேறு கணக்கு! ராணுவ இலாகாவில் நிதி ஆலோசகராயிருந்து 1972-இல் ஓய்வு பெற்ற டி. எஸ். நகரா என்பவர் இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவர் தனியாகப் போகவில்லை. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவரும், ‘காமன் காஸ்’ என்ற பதிவு பெற்ற சங்கமும் அவருடன் சேர்ந்து மனுச் செய்தார்கள். கோர்ட்டுப் படி ஏற வசதியில்லாத எத்தனையோ கிழவர்களின் சார்பில் அச்சங்கம் நின்றது. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பென்ஷன் என்பது எஜமானர் மனமிரங்கிப் போடும் தர்மம் அல்ல, உழைத்தவரின் உரிமை என்று அதில் ஸ்திரமாயிற்று. அந்தக் கோடும் அழிந்தது. இன்றும் டிசம்பர் 17-ஐப் பென்ஷன்காரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கஷ்டத்தில் கைகொடுப்பது என்றேன். 2007-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகளால் கைவிடப்பட்ட தாய் தந்தையர் ஜீவனாம்சம் கேட்டு மனுச் செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட அச்சட்டம் இடங்கொடுக்கிறது. எங்கள் தாலுகாக்காரர்களுக்கு அறந்தாங்கிக் கோட்டாட்சியரிடம் மனு. சட்டம் என்னவோ நல்ல சட்டந்தான். ஆனால் பெற்ற பிள்ளையின் பேரில் மனு எழுதி நீட்ட எந்தத் தாய்க்குக் கை வரும்? எழுதத் தெரியாதவள் என்ன செய்வாள்? படுக்கையில் கிடப்பவர் எப்படிப் போவார்? இதற்கும் சட்டத்திலேயே வழி சொல்லியிருக்கிறது: தாமே மனுச் செய்ய இயலாதவருக்காக, அவர் அதிகாரம் கொடுக்கும் வேறொருவரோ பதிவு பெற்ற தொண்டு ஸ்தாபனமோ மனுச் செய்யலாம். இந்த ஒரு வாசகத்தை அறிந்து, அதற்குத் தயாராயிருக்கும் சங்கம் நமது தாலுகாவில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பெரியவரும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதான பேச்சுத் துணையை யாரும் இளப்பமாக எண்ண வேண்டாம். பிரான்சு தேசத்தில் தூலூஸ் நகரத்தில் 1973-இல் ‘மூன்றாம் பருவத்துச் சர்வகலாசாலை’ என்று முதியோருக்காகவே ஒரு கல்வி ஏற்பாடு தோன்றிற்று. பின்னர் இங்கிலாந்தில் அதே பெயரோடு பரவியபோது, அங்கத்தினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணாக்கராகவும் இருந்து கற்றுக்கொள்ளும் முறையை வகுத்தார்கள். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. இருந்தும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். மாலை நேரத்தில் போய் உட்கார ஓர் இடமும், ‘ஏன் நேற்று வரவில்லை?’ என்று கேட்க ஒருவரும் இருப்பது மருந்துக்குச் சமானம்.

சங்கத்தின் வயிறு எதனால் நிரம்புகிறது?

தேவை இன்னதென்று தெரிந்தபின் சங்கத்தைப் பார்க்க வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வருமானத்தில் ஜீவிக்கிறது என்பது.

அமெரிக்காவில் ஏ.ஏ.ஆர்.பி. என்று ஒரு பிரம்மாண்டமான முதியோர் ஸ்தாபனம் இருக்கிறது. ஐம்பது வயதானவர்கள் சேரலாம். அங்கத்தினர் தொகை 3 கோடிக்கு மேல். அதைத் தோற்றுவித்தவர் எதெல் பெர்சி ஆன்ட்ரஸ் என்ற ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வேலையிலிருந்து விலகிய உபாத்தியாயர்கள் வறுமையில் வாடுவதைக் கண்டு பொறாமல், 1947-இல் அவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார். அந்த நாளில் வயதானவர்களுக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் கொடுக்கக் கம்பெனிகள் மறுத்துவந்தன. பெரு முயற்சி செய்து ஒரு வழி கண்டார். மற்றத் தொழிலாளரும் அந்தச் சௌகரியத்தை வேண்டவே, 1958-இல் ஏ.ஏ.ஆர்.பி. பிறந்தது.

எவ்வளவு உன்னதமான ஆரம்பம்! ஆனால் காலப் போக்கில், இன்ஷூரன்ஸ் முதலியவற்றுக்குத் தன் பெயரை உபயோகிக்க அனுமதித்து ஸ்தாபனம் பெறும் தொகை, அங்கத்தினர் சந்தாவைவிடப் பெரிதாகிவிட்டது. ‘இவர்கள் எங்களுக்காகப் பேசுகிறார்களா, கம்பெனிகளுக்காகப் பேசுகிறார்களா?’ என்ற கேள்வி அங்கே பலமுறை எழுந்திருக்கிறது. அதன் ராஜீயப் போக்குப் பிடிக்காதவர்கள் 2007-இல் வேறொரு முதியோர் சங்கமே ஏற்படுத்திக்கொண்டார்கள். ஏ.ஏ.ஆர்.பி. செய்திருக்கும் நன்மைகள் ஏராளம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், நமது சந்தாவில் நடக்கும் சங்கம் நமக்குக் கட்டுப்படும்; நமக்குச் சரக்கு விற்பதில் நடக்கும் சங்கம் சரக்குக்குக் கட்டுப்படும் என்ற பாடத்தை நாம் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. 1894-இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஏற்பட்டபோது அதன் காரியதரிசி காந்திஜி. ஒவ்வொரு காசுக்கும் அவர் ரசீது வைத்தார். கணக்கு ஒழுங்காக இல்லாத இடத்தில் சத்தியம் களங்கமின்றி நிற்காது என்பது அவர் கொள்கை. அதற்கும் மேலே ஒரு படி சென்று, பொது ஸ்தாபனம் நிரந்தர மூலதனத்தின் வட்டியில் காலங்கழிக்கக் கூடாது, வருஷா வருஷம் ஜனங்கள் மனமுவந்து கொடுக்கும் சந்தாவில்தான் நடக்க வேண்டும் என்று ‘சத்திய சோதனை’யில் வற்புறுத்தியிருக்கிறார். ஜனங்களுக்குப் பிடிக்காவிட்டால் சந்தா நின்றுவிடும். அந்தப் பயம் ஸ்தாபனத்துக்கு இருக்க வேண்டும் என்பது கருத்து. ‘ஆயுள் சந்தாவாக ஒரே தடவையில் கட்டிவிடுங்கள், தொல்லை விட்டது’ என்று அழைக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது உசிதம். முதல் இரண்டு வருஷத்துக்கு வருஷச் சந்தாவே போதும். ஆயுளும் சந்தாவும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

சேருமுன் கேட்க வேண்டியவை

சங்கம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம், வருஷத்துக்கு ஒரு முறை மகாசபை கூட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளருக்கும் கணக்கு அனுப்ப வேண்டும். ‘போன வருஷத்து வரவுசெலவுக் கணக்கைப் பார்க்கலாமா?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல சங்கத்தின் காரியதரிசி மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார். முகம் சுளித்தால் நமஸ்காரம் சொல்லி விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

சந்தா கொடுக்குமுன் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். மேடையிலிருப்பவர்கள் மட்டுமே பேசுகிறார்களா, கீழே இருப்பவர்களுக்கும் வாயுண்டா? நிர்வாகிகள் தேர்தலில் வருகிறார்களா, பரம்பரைப் பாத்தியதையில் வருகிறார்களா? ஸ்திரீகள் வந்திருக்கிறார்களா? வந்தவர்கள் பேசுகிறார்களா? கூட்டம் நடப்பது மாடியிலா? முழங்கால் வலிக்காரர்கள் ஏறக்கூடிய மாடியா? கடைசி பஸ் போவதற்குள் முடிகிறதா? இரண்டு மாதமாக வராத அங்கத்தினரைப் பற்றி யாராவது விசாரிக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைத்தால் மற்றக் குறைகளைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.

கொள்கை விஷயம் ஒன்று இருக்கிறது. சில சங்கங்கள் ஒரு கட்சியின் நிழலில் வளர்கின்றன. சில ஒரு ஜாதிக்கோ மதத்துக்கோ உரியவை. பஜனைக்கும் திருவாசகம் ஓதுவதற்கும் ஒத்த மனத்தினரோடு கூடுவது இயற்கை, அதில் குற்றமில்லை. ஆனால் உரிமை கேட்கும் காரியத்தில் கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும். அங்கே ஜாதியும் கட்சியும் தலைநீட்டினால் பலம் பாதியாகிவிடும். ஆகையால் மனத்துக்கு ஒரு சபை, உரிமைக்கு ஒரு சங்கம் என்று இரண்டில் சேருவது புத்திசாலித்தனம். எட்டுச் சங்கங்களில் பெயரைக் கொடுத்துவிட்டு ஒன்றுக்கும் போகாமலிருப்பதைக் காட்டிலும் அது மேல்.

பென்ஷன் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் விண்ணப்பத் தாள் வந்து சேரும் வீடுகளுக்கு. அது வராத வீடுகளே கிராமங்களில் அதிகம். வயலில் நாற்று நட்டு முதுகு வளைந்த கிழவிக்கு எந்த இலாகாவும் மாலை போட்டு அனுப்பவில்லை. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-இல் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்து, 2023-இல் 1,200 ரூபாயாயிற்று. அதற்கு மனு எழுதவும், பாங்கிக் கணக்கில் ஒரு மாதம் பணம் வராவிட்டால் எங்கே கேட்பது என்று சொல்லவும் அவளுக்கு ஒரு சங்கம் வேண்டாமா?

இதற்கும் முன்மாதிரி நமது கடற்கரையிலேயே உண்டு. 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளில் ‘ஹெல்ப்பேஜ் இந்தியா’ ஸ்தாபனத்தார் முதியோர் சுய உதவிக் குழுக்களை அமைத்தார்கள். உற்றாரையும் உடைமைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற கிழவர் கிழவிகள் பத்து இருபது பேராகச் சேர்ந்து சிறு தொகை சேமித்தார்கள். தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிச் சிறு தொழில் செய்தார்கள். தர்மம் வாங்குவோராய்க் கருதப்பட்டவர்கள் கணக்குப் புத்தகம் வைத்திருப்போர் ஆனார்கள்.

இதை நடத்தப் பெரிய மூலதனம் வேண்டாம். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரும், சட்டம் படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரும் போதும். ஓய்வு பெற்ற உபாத்தியாயர், கணக்கர், தபால்காரர் இல்லாத கிராமம் எங்கே இருக்கிறது? நமது பென்ஷன்காரர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைகளோடு இந்தக் காரியத்தையும் மேற்கொண்டால், அச்சங்கங்களின் குரலுக்கு இன்னும் பத்து மடங்கு கனம் ஏறும். முதியோருக்கு ஆலோசனை சொல்வதற்கென 2021-இல் நாடெங்கும் ஏற்பட்ட 14567 என்ற டெலிபோன் எண்ணை ஊர்ச் சாவடிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதிலிருந்தே தொடங்கலாம்.

ஆகவே, சேருவதற்கு முன் கேட்கும் கேள்விகளோடு இதையும் கேளுங்கள்: ‘பென்ஷன் இல்லாத என் அண்டை வீட்டு அம்மாளை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வரலாமா?’ ‘தாராளமாக அழைத்து வாருங்கள், உட்கார நாற்காலி போட்டு வைக்கிறோம்’ என்று பதில் வருமானால், தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.